அண்ணி வாசித்த சுவர்

பிளஸ் டூ படித்த வருடம் எனக்கு அடிக்கடி வயிற்றுவலி வரும். ஜடை பின்னி, ரிப்பன் கட்டி, சாப்பிடத் தட்டின் முன்னால் உட்காரும்போது தொப்புளைச் சுற்றி யாரோ துணியை முறுக்கிப் பிழிவதுபோல ஆரம்பிக்கும். அம்மா ஓமத் தண்ணீர் வைக்கச் சொல்வாள். அண்ணி அதை வெதுவெதுப்பாக ஆற்றி எடுத்துவருவாள். அப்படி ஒரு காலையில் டம்ளரை நீட்டியவள் அதை என் கையில் விடாமல் பிடித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். “இன்னா பாப்பா, உன் வயித்துவலி கிழமை பார்த்து வருதா?” என்று கேட்டாள்.

குரலில் கேலி இல்லை. அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று தணித்துத்தான் கேட்டாள். நான் ஓமத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னது உண்மை. பிசிக்ஸ் பிராக்டிக்கல் இருக்கிற நாட்களில் மட்டும்தான் எனக்கு வலித்தது. அம்மா அதை மாதவிலக்கு வலி என்று நினைத்தாள். நான் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று அப்பா நினைத்தார். வலியையும் கிழமையையும் சேர்த்துப் பார்த்தவள், அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத அண்ணி ஒருத்திதான்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. கூடத்தின் பெரும்பகுதி தறிக்கு, மீதி இடம்தான் எங்களுக்கு. அப்பா தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்துவிட்டால் விளக்கு வைக்கும்வரை அவருடைய முதுகுதான் எங்களுக்குத் தெரியும். கரையைத் தனி நிறத்தில் கோத்து வரும் கோர்வைப் புடவை நெய்யும்போது பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். அதை அம்மா செய்வாள். அண்ணன் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தான். அதே கம்பெனியில் வேலை செய்த பெண்தான் அண்ணி. அவள் ஊர் கூரம் கிராமம். நிலத்தில் பாடுபடுகிற குடும்பம், எங்கள் ஜாதி இல்லை. இரண்டு வீட்டிலும் அழுகையும் சத்தமுமாகச் சில மாதங்கள் போயின. அதன் பிறகு ஒரு சின்னக் கோயிலில் தாலி கட்டி அழைத்துக்கொண்டு வந்தான்.

அம்மா ஆரத்தி எடுத்தாள். ஆனால் மனசு இறங்கிவர நாளாயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டால், “ஒம்பதாவதோட நின்னுட்டாளாம். படிப்பு ஏறலையோ என்னமோ” என்பாள். அதையும் அண்ணியின் காதில் விழுகிற தூரத்தில்தான் சொல்வாள். அண்ணி ஒருநாளும் பதில் பேசியதில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தால் இன்னொரு தண்ணீர் விட்டுக் களைவாள், அவ்வளவுதான். ஒரு வார்த்தைக்கு ஏழு வார்த்தை பேசுகிற எங்கள் தெருவில், இப்படி ஒருத்தி இருக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கேள்வி கேட்ட அன்று அவள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. “நெத்தி சுடுற மாதிரி இருக்குது அத்தே, இன்னிக்கு ஒருநாள் இருக்கட்டும்” என்று அம்மாவிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள். பத்து மணி வெயிலில் துணி உலர்த்த என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். கனமான ஒரு போர்வையை இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்துக் கொடியில் போட்டோம். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், நடுவில் சொட்டிக்கொண்டிருக்கும் ஈரப் போர்வை. அவள் எதுவும் கேட்கவில்லை. கிளிப் மாட்டிக்கொண்டே, கூரத்தில் ஏரி நிரம்பிய வருடம் அவளுடைய அப்பா மீன் பிடித்துவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதையின் நடுவில், எப்படி என்று தெரியவில்லை, “அண்ணி, பிசிக்ஸ் சார்” என்று நான் சொன்னேன். மீன் கதை அங்கேயே நின்றது.

எங்கள் பள்ளியில் பிசிக்ஸ் லேபின் கோடியில் ஒரு இருட்டறை உண்டு. ஒளி சம்பந்தப்பட்ட சோதனைகளுக்காக ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டி, வாசலில் தடித்த திரை போட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய் அளவு எடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க சார் உள்ளே வருவார். ஆண் பிள்ளைகளுக்குத் திரைக்கு வெளியே நின்று சொல்லிக்கொடுப்பவர், எங்களுக்கு மட்டும் பின்னால் வந்து நிற்பார். அதற்கு மேல் நடந்ததை நான் அன்று போர்வைக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம் சொன்னேன், பிறகு சொல்ல வேண்டிய இடங்களில் சொன்னேன். இங்கே எழுதப் போவதில்லை. வெளியே வரும்போது அவர் சொல்லுகிற ஒரு வாக்கியம் மட்டும் இன்றும் அதே குரலில் கேட்கிறது. “நல்லா படிக்கற பொண்ணு நீ. பிராக்டிக்கல் மார்க்கு என் கையில இருக்குதுன்னு ஞாபகம் வெச்சுக்கோ.” அவர் ரிசல்ட் காட்டுகிற ஆசிரியர். ஊரில் பெயர் எடுத்தவர். கோயில் உற்சவத்தில் சாமிக்கு முன்னால் நடந்து போகிறவர்களில் அவரும் ஒருவர். யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

நான் பேசி முடித்ததும் அண்ணி போர்வையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. என்னிடம் கேட்டாள், “கையப் புடிச்சுக்கலாமா பாப்பா?” நான் தலையாட்டிய பிறகுதான் பிடித்தாள். துணி துவைத்த கை, சில்லென்று இருந்தது. “உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னாள். “வேற பொண்ணுங்களுக்கும் இப்படி நடக்குதா?” என்று கேட்டாள். என் பெஞ்சுத் தோழியைப் பற்றிச் சொன்னேன். நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒருநாளும் வாய்திறந்து பேசியதில்லை. ஆனால் ஒருத்தி இருட்டறைக்குள் போனால் இன்னொருத்தி திரைக்கு வெளியே நின்று விடாமல் இருமிக்கொண்டிருப்போம். எனக்காக இருமி இருமி அவளுக்கு நிஜமாகவே தொண்டை கட்டிப்போன நாட்கள் உண்டு. அதைக் கேட்டபோதுதான் அண்ணி புடவை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இத யாருக்கும் சொல்ல மாட்டேன்னு நான் சத்தியம் பண்ண முடியாது பாப்பா” என்றாள். “சொல்லியே ஆவணும். ஆனா உன்னக் கேக்காம ஒரு அடி எடுத்து வெக்க மாட்டேன். யார்கிட்ட மொதல்ல சொல்லலாம், நீயே சொல்லு.” நான் யோசித்து, அம்மாவிடம் என்றேன். அம்மாவிடம் சொல்வதென்றால் பேசவேண்டியவள் அண்ணிதான். அந்த வீட்டில் அதுவரை உப்பு போதுமா என்று கேட்பதைத் தவிர அவள் அம்மாவிடம் நீளமாக எதுவும் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு கூடத்தில் எல்லோரும் இருந்தோம். அண்ணனுக்குக் காலை ஷிப்டு, வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான். அப்பா தறியை விட்டு இன்னும் எழவில்லை. அண்ணி சுருக்கமாக, நடந்ததை மட்டும் சொன்னாள். தறிச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் எழுந்து சட்டையைத் தேடினான். “எங்க இருக்குது அந்த ஆளு வீடு?” என்றான். அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போது பதினேழு வயது, மடியில் அடங்கவில்லை. அவளுக்கு அது தெரியவே இல்லை. தலையைக் கோதிக்கொண்டே, “போதும் கண்ணு, நீ படிச்சது போதும். இனிமே அந்தப் பக்கம் போவாத. வீட்டுலயே இரு, என்கூடத் தறியில உக்காரு. நான் உன்னப் பத்திரமா பார்த்துக்கறேன்” என்றாள்.

அம்மா அதைச் சொன்னது முழுக்க முழுக்கப் பாசத்தில். எனக்கும் அது பெரிய நிம்மதியாகவே இருந்தது என்று சொல்ல வேண்டும். இனி அந்தத் திரைக்குள் போகவேண்டியதில்லை. புத்தகப் பையை அப்படியே பரணில் ஏற்றிவிடலாம். நான் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லியிருப்பேன். அப்போதுதான் அண்ணி பேசினாள்.

“என்னையும் இப்படித்தான் பத்திரமா பார்த்துக்கினாங்க அத்தே.”

அம்மாவின் கை என் தலையில் நின்றது. அண்ணி சுவரோரம் நின்றபடி, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். அவள் ஒன்பதாவது படிக்கும்போது கூடப் படித்த பையன்கள் சிலர் அவள் பெயரை வகுப்புச் சுவரில் அசிங்கமாக எழுதினார்கள். பின்னால் வந்து பாவாடை தாவணியை இழுத்தார்கள். வகுப்பாசிரியரிடம் போய்ச் சொன்னாள். வயசுப் பசங்கள் அப்படித்தான் இருப்பார்கள், நீ ஒழுங்காக இரு என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு அவள் அப்பாவைக் கூப்பிட்டு, பெண்ணை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டார். மறுநாள் முதல் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

“அந்தப் பசங்க எல்லாம் பத்தாவது எழுதிட்டாங்க அத்தே. ஒருத்தன் இப்பக்கூட ஊருக்குப் போனா எதிர்ல வண்டிய நிறுத்தி, நல்லா கீறியான்னு சிரிச்சிக்கினு கேக்கறான். அவனுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. எனக்குத்தான் படிப்பு ஏறலன்னு ஊர்ல பேரு.”

 அண்ணனுக்கே இது தெரியாது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அண்ணி அவனைப் பார்த்து, “நீ போயி அடிச்சா அந்த ஆளு ரெண்டு நாள் கட்டுப் போட்டுக்கினு திரும்ப வந்துடுவான். பாப்பா பேருதான் தெருவெல்லாம் சுத்தும். ஒக்காரு” என்றாள். அவன் உட்கார்ந்தான். அம்மா மெதுவாக என்னை மடியிலிருந்து எழுப்பினாள். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அண்ணியிடம் நீட்டினாள்.  “குடி. தொண்ட காஞ்சி கெடக்குது பாரு” என்று மட்டும் சொன்னாள். அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, “ஸ்கூலு எத்தன மணிக்கு தெறப்பாங்க?” என்று கேட்டார்.

மறுநாள் காலை அப்பா, அண்ணி, நான் மூவரும் போனோம். அப்பா அதுவரை என் பள்ளிக்கூடத்துக்குள் வந்ததே இல்லை. தலைமையாசிரியை எங்களை உட்காரச் சொன்னார். நல்லவர்தான், கடுமையானவர் என்று பெயர். அண்ணி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு என்னிடம் சில கேள்விகள் கேட்டார். நான் அண்ணியின் விரலைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னேன். எல்லாம் கேட்டபின் பெருமூச்சு விட்டு, “இது பொதுத்தேர்வு வருஷம். பொண்ணோட எதிர்காலத்தையும் பார்க்கணும் இல்லையா? இவள இன்னொரு செக்‌ஷனுக்கு மாத்திடறேன். அந்த பேட்ச்சுக்கு வேற டீச்சர் பிராக்டிக்கல் எடுக்கறாங்க. விஷயம் வெளிய தெரியாம முடிஞ்சிடும்” என்றார்.

அப்பா அண்ணியைப் பார்த்தார். அண்ணி கேட்டாள், “பாப்பாவ எதுக்கு டீச்சர் மாத்தணும்? இவ எழுந்து போனா அந்த எடத்துல வேற ஒரு பொண்ணுதானே வந்து உக்காரும்?”

 அண்ணி எழுந்து ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். பள்ளிக்கூட வாசலின் வெளிச்சுவர் அங்கிருந்து தெரியும். சில மாதங்களுக்கு முன்னால் அதில் நீலமும் சிவப்புமாகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். குழந்தைகளிடம் யாரேனும் தவறாக நடந்தால் பயப்படாமல் சொல்லுங்கள், சொன்னால் நடவடிக்கை எடுக்கப்படும், மறைப்பதும் குற்றம் என்று. நாங்கள் தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போவோம். ஒரு தடவைகூட நான் அதை முழுசாகப் படித்ததில்லை.

“மத்தியானத்துல பாப்பாவுக்குச் சோறு எடுத்துக்கினு வந்தா மணி அடிக்கிற வரைக்கும் வெளியதான் நிப்பேன்” என்றாள் அண்ணி. “நிக்கிற நேரத்துல அத எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கினு இருப்பேன். நாங்க படிச்ச ஸ்கூல்ல இப்படி ஒரு சுவரு இல்லையேன்னு நெனச்சுக்குவேன். உங்க சுவத்துல எழுதி இருக்குது டீச்சர். அத நம்பித்தான் வந்து இருக்கறோம்.”

குரலை உயர்த்தவில்லை. வாதாடவும் இல்லை. கேட்பதற்கு ஒரு விண்ணப்பம் மாதிரிதான் இருந்தது. தலைமையாசிரியை ஜன்னல் வழியே அந்தச் சுவரைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “முன்னாடியே என்கிட்ட வந்திருக்கலாமேன்னு கேக்க எனக்கு வாய் வரல. வர்ற மாதிரி நான் இருந்திருக்கணும்” என்றார். அந்த அம்மாள் அப்படி ஒரு வாக்கியம் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அங்கேயே தொலைபேசியை எடுத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டார். அன்று மதியமே பிசிக்ஸ் சாரை வகுப்புக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாதாரண உடையில் ஒரு பெண் போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து, மாடியில் என்னோடும் அண்ணியோடும் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பெஞ்சுத் தோழியின் வீட்டில் முதலில் கதவே திறக்கவில்லை. அண்ணி தினமும் சாயங்காலம் அங்கே போய் அந்த அம்மாவோடு உட்கார்ந்து பூ கட்டிவிட்டு வந்தாள். வழக்கைப் பற்றிப் பேசவே இல்லையாம். ஒருநாள் அந்த அம்மாவே தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் தோழி பழக்கதோஷத்தில் லேசாக இருமினாள். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

தெருவில் பேச்சு கிளம்பியது. ‘ரிசல்ட்டு குடுக்கிற சாரு, அவர் வாழ்க்கையே போச்சு’ என்றார்கள். வகுப்பில் சிலர் என் காதுபடவே, இனி பாடத்தை யார் முடிப்பது என்று சலித்துக்கொண்டார்கள். அப்பாவுக்குப் பாவுக்கான பட்டு நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி ஒருநாள் வீட்டுக்கே வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, “அவருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுபா. எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கிக்கோ. கோர்ட்டு கேஸுன்னு அலையற வீட்டுல பாவு போட எனக்கு யோசனையா இருக்குது” என்றார். அப்பா தறியில் இருந்தபடியே கேட்டார். சண்டை போடுகிற ஆளில்லை அவர். முதலாளி முன்னால் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததுகூட இல்லை. அன்று எழுந்திருக்கவில்லை. “தறியில கெடக்கற பாவு நூல வேணும்னா அறுத்து எடுத்துக்கினு போங்க மொதலாளி. பொண்ணு சொன்னத என்னால திருப்பி எடுக்க முடியாது” என்றார்.

அந்தப் புடவை முடிந்ததும் புதுப் பாவு வரவில்லை. தறி வெறுமையாகக் கிடந்த அந்த வாரங்களில் அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளியில் விட்டார்.  வாசலில் இறக்கிவிட்டு, நான் படியேறித் திரும்பும்வரை அங்கேயே நிற்பார். பிறகு ஓரிக்கைப் பக்கம் இருந்த ஒரு சின்ன முதலாளியிடம் அவருக்கு வேலை கிடைத்தது.

எனக்கு மிகவும் நெருக்கமான நினைவு இதற்கெல்லாம் பிறகு நடந்த ஒரு பெற்றோர் கூட்டம். பள்ளியில் புதிதாகச் சில ஏற்பாடுகள் செய்திருப்பதாக அறிவித்தார்கள். பெண் பிள்ளைகள் நான்கு மணிக்கே வீட்டுக்குப் போய்விட வேண்டும். சாயங்கால சிறப்பு வகுப்பு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். விளையாட்டு நேரத்தில் பெண்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து படிக்கட்டும், மைதானத்துக்கு வரவேண்டாம். எல்லாம் எங்கள் பாதுகாப்புக்காக என்றார் பெற்றோர் கழகத் தலைவர். முன்வரிசையில் பலர் தலையாட்டினார்கள். நான் அண்ணியோடு கடைசி வரிசையில் நின்றிருந்தேன். அவள் அப்போது மாசமாக இருந்தாள். உட்காருங்கள் என்று யாரோ நாற்காலி நகர்த்தினார்கள். அவள் உட்காரவில்லை. கையைத் தூக்கினாள். மைக்கை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தபோது அதை எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் உதட்டோடு ஒட்டிப் பிடித்தாள். முதல் வார்த்தை இரைந்துகொண்டு வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“தப்பு பண்ணது ஒரு சாரு. தண்டன எல்லாப் பொண்ணுங்களுக்குமா?” என்றாள். “சாயங்காலம் கிளாஸு இல்லன்னா இதுங்களுக்கு மார்க்கு எப்படி வரும்? கிரவுண்டுக்குப் போவக் கூடாதுன்னா கிரவுண்டு யாரோடது? பொண்ணுங்கள வீட்டுக்கு அனுப்பாதீங்க. அந்தத் திரையக் கழட்டுங்க. பசங்களுக்கு எப்படி நடந்துக்கணும்னு சொல்லிக் குடுங்க. எங்க பாப்பா பயந்து பயந்து படிக்கணும்னு நாங்க புகார் குடுக்கல. நிம்மதியா படிக்கட்டும்னுதான் குடுத்தோம்.”

அவ்வளவு சொல்லிவிட்டு மைக்கைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டாள்.  கைதட்டல் எல்லாம் எழவில்லை. ஆனால் அந்தப் பெண், யாருடைய அம்மாவோ, மைக்கைத் திருப்பிக் கொடுக்காமல், “அந்தம்மா சொல்றது சரிதானே?” என்றார். பிறகு இன்னொருவர் எழுந்தார். மேடையில் இருந்த தலைமையாசிரியை குறுக்கிட்டு, அந்த ஏற்பாடுகள் வேண்டாம் என்று அங்கேயே சொன்னார். அடுத்த வாரம் இருட்டறைத் திரை கழற்றப்பட்டிருந்தது. ஒளிச் சோதனைகளுக்கு எல்லா மாணவர்களும் இருவர் இருவராகப் போனோம். கதவு திறந்தே இருந்தது. கொஞ்சம் வெளிச்சம் உள்ளே வந்து அளவு துல்லியமாகக் கிடைக்கவில்லை என்று புதிய டீச்சர் வருத்தப்பட்டார். எங்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

வழக்கு முடிய நாளாயிற்று. நான் கல்லூரிக்குப் போய்விட்டேன், அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. சாட்சி சொல்ல வேண்டிய நாட்களில் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அவள்தான் என்னோடு வந்தாள். அந்த ஆளுக்குத் தண்டனை கிடைத்த அன்று நாங்கள் இனிப்பு வாங்கவில்லை, யாருக்கும் போன் செய்து கொண்டாடவும் இல்லை. கோர்ட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் நான் அவள் தோளில் தூங்கிவிட்டேன். காஞ்சிபுரம் வந்தபோது எழுப்பி, “தோளு மரத்துப் போச்சு பாப்பா, கொஞ்சம் தேச்சு வுடு” என்றாள்.

குழந்தை பால்குடி மறந்த பிறகு ஒருநாள் அம்மா, யாரும் எதிர்பாராத நேரத்தில், “பத்தாவது தனியா எழுதலாமாமே, நீ எழுதேன்” என்று அண்ணியிடம் சொன்னாள். அண்ணி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அம்மா விடவில்லை. மத்தியானங்களில் சமையலறைப் பக்கம் அண்ணியை வரவிடாமல் துரத்துவாள். தேர்வு அன்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேர்வுக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவே புடவையோடு அண்ணி வெளியே வந்தபோது, “கணக்கு எப்படிம்மா இருந்துச்சு?” என்று அம்மா ஓடிப்போய்க் கேட்டாளாம். கணக்கில் அண்ணி மயிரிழையில்தான் தேறினாள். தமிழில் நல்ல மதிப்பெண். பிறகு பன்னிரண்டாவதும் எழுதினாள். இப்போது ஒரு அங்கன்வாடியில் வேலை செய்கிறாள்.

நான் வேலை பார்ப்பது வேறு ஊரில். என்னிடம் மாறாத சில பழக்கங்கள் இன்னும் உண்டு. லிப்டில் ஏறினால் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டுதான் நிற்பேன். அலுவலகத்தில் யாரும் பின்னாலிருந்து என் கணினித் திரையைப் பார்க்க வந்தால் நாற்காலியைத் திருப்பிக்கொள்வேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் நான் படித்தேன், வேலைக்குப் போனேன், பயப்படாமல் தூங்குகிறேன். தறியை விட்டு எழுந்து வந்த அப்பாவையும், மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்த அண்ணியையும் நினைத்துக்கொள்ளாத வாரம் இல்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் மகள் இப்போது ஐந்தாவது படிக்கிறாள். வாய் நிறைய இட்லியோடு, கூடத்தில் தாத்தா, ஆயா, அப்பா எல்லோரும் இருக்க, “அம்மா, எங்க கிளாஸ்ல ஒரு பையன் என் ஜடைய இழுத்து இழுத்து வுடறான். வேணாம்னு சொன்னா கேக்க மாட்டறான்” என்று சொன்னாள். சாதாரணமாக, பென்சில் தொலைந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. நான் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். அம்மா சட்டென்று நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளுக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

“அப்புறம் நீ இன்னா பண்ண?”

“டீச்சர்கிட்ட சொன்னேன். டீச்சர் அவனக் கூப்ட்டு, யாரையும் கேக்காம தொடக் கூடாதுன்னு எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னாங்க. அவன் சாரி கேட்டான். நாளைக்கு மறுபடி இழுத்தா மறுபடி சொல்லுவேன்.” எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏன் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை. தட்டை அண்ணி பக்கம் நகர்த்தி, “இன்னும் ஒரு இட்லி போடும்மா, ஆட்டோ வந்துடும்” என்றாள்.